பதிவு நாளைக் குறைத்தது போதும்: சிறு தீவு நாடுகளின் நிதி, வணிக அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களே, துறைச் செயலாளர்களே, தொழிற்சூழல் சீர்திருத்தக் குழுக்களில் இருப்பவர்களே,

கம்பெனிப் பதிவை ஒரே நாளில் முடித்துத் தருவோம் என்று மறுபடியும் அறிவிக்கிறீர்கள். எல்லாச் சேவையும் ஒரே கூரையின்கீழ் என்று மறுபடியும் ஒரு மையத்துக்கு நாடா வெட்டுகிறீர்கள். உலக வங்கி 2024 அக்டோபரில் 50 நாடுகளோடு நாடுகளின் தொழிற்சூழலை அளக்கும் 'பி-ரெடி' என்ற புதிய அளவீட்டை வெளியிட்டதும், அதில் மதிப்பெண் வாங்கக் குழு அமைப்பதும் ஆலோசகர் தேடுவதும் தொடங்கிவிட்டன. தொழில் செய்வது எங்கே எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்திய உலக வங்கியின் பழைய 'டூயிங் பிசினஸ்' அறிக்கை இருந்த காலம் முழுக்கச் செய்த அதே வேலை. பதிவு எளிதாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. பதிவானவர்கள் மூன்றாம் ஆண்டிலும் கடை திறந்து வைத்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நாங்கள் சுங்கத்தில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர்கள், சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுபவர்கள், உரிம விண்ணப்பமும் கடன் விண்ணப்பமும் நிரப்பிக் கொடுப்பவர்கள். கம்பெனி பதிவாகும் நாளில் எங்களுக்கு வேலை குறைவு. அதற்கு மறுநாளிலிருந்துதான் எங்களைத் தேடி வருகிறார்கள். எந்தத் துறையின் கோப்பை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்: அலுவலகம் தாமதிக்கிறது, தாமதத்தின் செலவைத் தொழில் செய்பவர் கட்டுகிறார். தாமதித்த அலுவலகத்துக்கு ஒரு காசும் நட்டமில்லை. அப்படியிருக்க அது ஏன் மாறப்போகிறது?

முதலில் அளவுகோலைப் பற்றி. 'டூயிங் பிசினஸ்' அறிக்கையை உலக வங்கி 2021 செப்டம்பரில் நிறுத்தியது. சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்ததால் நிறுத்தினார்கள். தரவு சுத்தமாகவே இருந்திருந்தாலும் அது தீவுத் தொழிலை அளக்கவில்லை என்பது எங்கள் குறை. அந்த அறிக்கை கற்பனை செய்த நிறுவனம் நாட்டின் மிகப்பெரிய வணிக நகரத்தில் இருக்கும். கட்டடம் கட்டினால் ஏறத்தாழ 1,300 சதுர மீட்டரில் இரண்டடுக்குக் கிடங்கு. மின் இணைப்புக் கேட்டால் 140 கேவிஏ திறன். பல வெளித்தீவுகளில் ஊர் முழுவதற்கும் ஓடும் மின்னாக்கியே அதைவிடச் சிறிதாக இருக்கும். இறக்குமதி செய்தால் கன்டெய்னரில் 15 டன் வாகன உதிரிப்பாகம். எங்களிடம் வருபவர் கொண்டுவருவது இன்னும் எட்டுப் பத்துப் பேரோடு பங்கிட்ட கன்டெய்னரில் மூன்று கன மீட்டர் சரக்கு. அந்தக் கற்பனைக் கம்பெனிக்காகச் செதுக்கிய சீர்திருத்தத்தில் இவர் எங்கே இடம்பெறுவார்? புதிய அளவீட்டில் நிறுவனங்களையே நேரில் கேட்டு அறியும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது, அது நல்ல மாற்றம். ஆனால் கேள்வித்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் துறைமுக வாசலில் நின்றாலே பதில் கிடைக்கும்.

அந்தப் பங்குக் கன்டெய்னரையே எடுத்துக்கொள்வோம். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அதைப் பத்து இறக்குமதியாளர்கள் பங்கிட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கப்பல் நிறுவனம் கொடுப்பது ஒரே ஒரு தாய் பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கேற்றச் சீட்டு. சரக்கைச் சேர்த்து அனுப்பும் முகவர் அதை உடைத்துப் பத்துக் கிளை பில்களாக, பல தீவுகளில் ஓடும் 'அசிகுடா' சுங்க மென்பொருளின் சரக்குப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அது ஏறினால்தான் பத்துப் பேரும் தங்கள் தங்கள் சுங்க அறிவிப்பைத் தாக்கல் செய்ய முடியும். கப்பல் கரை தொடும் நாளில்தான் பட்டியலைத் திறப்போம் என்று உங்கள் அலுவலகம் வைத்திருந்தால், கப்பல் கடலில் வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று வாரமும் வீண். பட்டியலில் '12 பாலெட்' (சரக்கு அடுக்கும் தட்டு) என்றிருந்து அறிவிப்பில் '12 பெட்டி' என்று விழுந்துவிட்டால், அந்த ஒரு சொல்லைத் திருத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், திருத்தக் கட்டணமும் உண்டு. மேலதிகாரி ஒருவர்தான். கப்பல் வெள்ளிக்கிழமை வந்தால் திங்கட்கிழமைதான் அவரைப் பார்க்க முடியும்.

இதற்கிடையே இலவச நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கக் கப்பல் நிறுவனம் தரும் அவகாசம் சில நாட்கள்தான், சனி ஞாயிறும் அதில் கணக்கு. சுங்கம் மூடியிருக்கும் நாளும் அவகாசத்தில் கழிகிறது. அது தீர்ந்தபின் நாள் வாடகை, அதுவும் அந்நியச் செலாவணியில். துறைமுகக் கிடங்கு வாடகை தனி. அந்நியச் செலாவணிக் கையிருப்பு குறைகிறது என்று கவலைப்படும் மத்திய வங்கியும், சுங்க மேசையில் கிடக்கும் ஒரு திருத்தத்துக்காக வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்துக்குப் போகும் டாலரும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன.

இன்னொன்று நடக்கும். பத்துப் பேரில் ஒருவருடைய மரப்பாலெட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இல்லை. வெப்பத்தாலோ மருந்துப் புகையாலோ மரம் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. தனிமைப்படுத்தல் துறை நிறுத்துவது சரி. பூச்சி ஒன்று உள்ளே வந்தால் தீவின் விவசாயமே போய்விடும், அதில் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் நிறுத்தப்படுவது அந்தப் பாலெட் அல்ல, முழுக் கன்டெய்னர். குற்றமில்லாத ஒன்பது பேரும் வாடகை கட்டுகிறார்கள். பிறகு சுங்கம் சோதிக்க ஒருநாள் திறக்கும், சுகாதாரத் துறை மாதிரி எடுக்க வேறொரு நாள் திறக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் ஆள்கூலி இறக்குமதியாளருடையது.

இதற்கெல்லாம் புதிய மென்பொருள் தேவையில்லை. உலக வணிக அமைப்பின் வணிக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கப்பல் வருமுன்பே ஆவணங்களை ஏற்க வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. தீர்வை என்ற இறக்குமதி வரித் தொகையில் தகராறு இருந்தால் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு சரக்கை விடுவிக்கவும் அதே பிரிவு வழி தருகிறது. உறுப்பு நாடுகள் பல இவற்றை 'உதவி கிடைத்தபின் செய்வோம்' என்ற மூன்றாம் வகையில் போட்டு வைத்திருக்கின்றன. மென்பொருளுக்கு உதவி வேண்டும் என்றால் புரிகிறது. கப்பல் வருமுன் பட்டியலைத் திறந்து வைக்க எந்த நன்கொடையாளர் வர வேண்டும்? பங்குக் கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள பிரிப்புக் கொட்டகைக்கு நேரே கொண்டுபோய்ப் பிரித்துவிட்டால் சிக்கலான பாலெட் மட்டும் நிற்கும், காலிப் பெட்டி கப்பல் நிறுவனத்துக்குத் திரும்பிவிடும். கொட்டகைக்குத் தேவை கூரை, பூட்டு, ஒரு சுங்க அதிகாரி.

அசிகுடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தடங்கள் உண்டு. பச்சை உடனே விடுவிப்பு, மஞ்சள் ஆவணச் சோதனை, சிவப்பு சரக்கைத் திறந்து சோதிப்பது, நீலம் விடுவித்தபின் கணக்குத் தணிக்கை. எந்த அறிவிப்பு எந்தத் தடத்தில் விழ வேண்டும் என்ற விதிகளை எழுதுவது உங்கள் அதிகாரிகள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பெரும்பகுதியைச் சிவப்பில் தள்ளினால் மென்பொருள் இருந்தும் இல்லாத கதைதான். யாரைச் சோதிப்பது என்று முடிவெடுக்கத்தானே அதை வாங்கினீர்கள்?

துறைமுகத்தை விட்டுப் போகுமுன் தீர்வைக் கணக்கில் ஒரு சூட்சுமம். பெரும்பாலான தீவு நாடுகள் தீர்வையைச் சரக்கின் விலை மீது மட்டும் போடுவதில்லை, காப்பீட்டையும் கப்பல் கட்டணத்தையும் சேர்த்து அதன் மீது போடுகின்றன. உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்படிக்கை இரண்டு முறையையும் அனுமதிக்கிறது, தேர்வு நாட்டின் கையில். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை கப்பல் கட்டணத்தைத் தீர்வைக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கின்றன. தூரமும் குறைந்த சரக்கும் கட்டணத்தை ஏற்றிவிடும் தீவு, அந்தக் கட்டணத்தின் மீதே தீர்வையும் போட்டுக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சரக்கு 100, கப்பல் கட்டணமும் காப்பீடும் 25, தீர்வை 15 விழுக்காடு, வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு என்று வைப்போம். தீர்வை 125இன் மீது 18.75. வாட் 143.75இன் மீது 21.56. கட்டணத்தைத் தீர்வைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் தீர்வை 15, வாட் 140இன் மீது 21. வித்தியாசம் 4.31. ஒவ்வொரு 100க்கும் நாலேகாலுக்கு மேல், தூரத்தில் இருக்கிறோம் என்பதற்காக மட்டும். வாட் என்பது நுகர்வின் மீதான வரி, அதில் கட்டணம் சேர்வதற்கு ஒரு நியாயம் உண்டு, அதைத் தொட வேண்டாம். தீர்வையில் சேர்வதற்கு நியாயம் இல்லை. வருமானம் குறையும் என்று நிதித் துறை சொல்லும். குறையும்தான். தேவையானால் விகிதத்தை வெளிப்படையாகக் கொஞ்சம் உயர்த்துங்கள். கப்பல் கட்டணம் எகிறும் ஆண்டில் சட்டமன்றத்துக்குத் தெரியாமல் வரியும் தானாக எகிறுவது நின்றுபோகும்.

இனி உரிமம். மொரீஷியஸ் 2006இல் கொண்டுவந்த தொழில் வசதிப்படுத்தல் சட்டத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள். சொல்லும்போது பதிவு மூன்று வேலைநாளுக்குள் முடிவதை மட்டும் சொல்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. நெறிமுறையை முன்கூட்டியே எழுதிவைத்து, தொழிலைத் தொடங்கவிட்டு, பிறகு போய்ச் சோதிப்பது என்று வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். சோதனை நடக்கும்வரை கடைக்காரர் வாடகை மட்டும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தாமதத்தின் செலவு சோதிப்பவரின் பக்கம் நகர்ந்தது.

பல தீவுகளில் இன்னும் நடப்பது இது. மீன் பதப்படுத்த ஒரு குளிர் அறை கட்டுகிறார்கள். சுகாதாரச் சான்று வேண்டுமென்றால் குளிர்சாதனம் ஓடிக் காட்ட வேண்டும். குளிர்சாதனம் ஓட நிரந்தர மின் இணைப்பு வேண்டும். மின் இணைப்புக்குக் கட்டட நிறைவுச் சான்று. நிறைவுச் சான்றுக்குச் சுகாதாரத் துறையின் கையெழுத்து. வட்டம் முடிந்தது. இதை உடைக்க யாரோ ஒரு அதிகாரி மனமிரங்கித் 'தற்காலிகம்' என்று எழுதித் தர வேண்டும். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் விதியால் முடியாதது மனிதரால் முடிகிறது என்று ஆகும் இடத்தில்தான் கையூட்டுக்கு நாற்காலி போடப்படுகிறது.

ஒரே கூரை மையங்களுக்கு எங்களிடம் ஒரு சின்னச் சோதனை உண்டு: கவுன்டரில் இருப்பவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அது தபால் பெட்டி. முன்பு ஐந்து அலுவலகம் ஏறினோம், இப்போது ஆறு.

சிறு நிர்வாகத்தின் இன்னொரு பாடு, ஒரு துறைக்கு ஒரே ஆள். மின் ஆய்வாளர் ஒருவர், தீயணைப்புச் சான்று தருபவர் ஒருவர். அவர் விடுப்பில் போனால், நோயில் விழுந்தால், வெளிநாட்டுப் பயிலரங்குக்குப் போனால் நாடே நிற்கும். (தொழிற்சூழல் சீர்திருத்தம் பற்றிய பயிலரங்கு என்றால் இன்னும் சிறப்பு.) ஆள் கூட்ட நிதி இல்லை என்பது தெரியும். பதில் அதிகாரியை அரசிதழில் முன்கூட்டியே பெயரிட்டு வைக்க நிதி வேண்டாம். தகுதிச் சான்று பெற்ற தனியார் மின்பொறியாளரின் சான்றை ஏற்றுக்கொண்டு, பிறகு சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கவும் நிதி வேண்டாம்.

அத்தனை உரிமங்களும் டிசம்பர் 31இல் காலாவதியாகும்படி வைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், மார்ச் வரை பாதிப்பேர் உரிமமில்லாமல் தொழில் செய்வார்கள். அந்த மூன்று மாதத்தில் வங்கி கடன் தராது, அரசு டெண்டரில் சேர்க்காது, காப்பீட்டு நிறுவனம் உரிமம் செல்லாதிருந்தது என்று இழப்பீட்டை மறுக்கும். உரிமம் வழங்கிய தேதியிலிருந்து ஓராண்டு என்று மாற்றினால் வேலை பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிவிடும். ஒரு வரித் திருத்தம்.

கடன் விஷயத்தில் நிலத்தைப் பற்றிய பழைய வாதத்துக்குள் போக விரும்பவில்லை. வனுவாட்டுவின் அரசியலமைப்பு எல்லா நிலமும் மரபுவழி உரிமையாளர்களுடையது என்கிறது. ஃபிஜியில் நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிகளான இதௌகெய் மக்களின் பொதுவுடைமை, விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். அது அவர்களின் காப்பு. அதை உடைத்தால்தான் கடன் வளரும் என்று சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள். நிலத்தைத் தவிர வேறு பிணையை வங்கி ஏற்கும்படி செய்வதே வழி. வனுவாட்டுவும் சாலமன் தீவுகளும் 2008இலும், டோங்கா 2010இலும் அசையும் சொத்தைப் பிணையாக ஏற்கும் சட்டங்களை இயற்றின. ஜமைக்காவில் இத்தகைய பதிவேடு 2014இல் வந்தது. படகு, எந்திரம், கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பில் எல்லாவற்றையும் ஒரு சிறு அறிவிப்பால் பதியலாம். முதலில் பதிந்தவருக்கு முதல் உரிமை.

சட்டம் இயற்றியதோடு முடிந்துவிடவில்லை. பதிவேடு இருந்தும் கடன் நகராத இடங்களில் கோளாறு எங்கே என்று பார்த்தால் மூன்று நான்கு இடங்கள்தான். படகு எந்திரத்தின் தொடர் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் தேடலில் வராது, அடுத்த வங்கியும் அதே எந்திரத்தின் மீது கடன் கொடுத்துவிடும். கடன் திரும்பாதபோது நீதிமன்ற ஆணை வந்துதான் படகை எடுக்கலாம் என்றால், ஆணை வருமுன் உப்புக் காற்று எந்திரத்தைத் தின்றுவிடும். பதிவுக் கட்டணம் கடன் தொகையில் இத்தனை விழுக்காடு என்றிருந்தால் சிறு கடனுக்கு யாரும் பதிய மாட்டார்கள், அது நிலையான சிறு தொகையாக இருக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பதிவேட்டில் நுழைவு இல்லாவிட்டால், சிறு கடன் கொடுப்பவர்களே வெளியில் நிற்கிறார்கள் என்று பொருள்.

மேலே சொன்ன பட்டியலில் 'வரவேண்டிய பில்' இருக்கிறது. தீவில் மிகப்பெரிய வாடிக்கையாளர் பெரும்பாலும் அரசுதான். பள்ளிக்கு மேசை, மருத்துவமனைக்குத் துப்புரவு, துறைமுகத்துக்குப் பழுதுபார்ப்பு. அரசு தரவேண்டிய பில்லைவிட உறுதியான பிணை எது? ஆனால் அரசு ஒப்பந்தப் படிவங்களில் 'இந்த ஒப்பந்தத்தின்கீழ் வரும் தொகையைப் பிறருக்கு மாற்றித்தரக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். யாரோ எப்போதோ வேறு நாட்டுப் படிவத்திலிருந்து எடுத்து எழுதியது. அந்த ஒரு வரியால் ஒப்பந்தக்காரர் பில்லை வங்கியிடம் காட்டிப் பணம் வாங்க முடியாது. புதிய சட்டத்தை ஒரு கையால் கொடுத்து, பழைய படிவத்தால் மறுகையால் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பில் தாமதமானால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம். எங்களை எழுத வைத்தது இதுதான்.

ஒரு சிறு நிறுவனம் அரசுத் துறைக்கு 100 மதிப்புள்ள வேலை செய்து, 15 வாட் சேர்த்து 115க்குப் பில் கொடுக்கிறது. வாட் சட்டம் பில் போட்ட தேதியைக் கணக்கில் எடுக்கும், பணம் வந்த தேதியை எடுக்காது. ஆகவே அடுத்த மாத வரி அறிக்கையோடு அந்த 15ஐ நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், தான் வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரியாகக் கட்டிய வாட்டை மட்டும் கழித்துக்கொள்ளலாம். அரசு இன்னும் ஒரு காசும் தரவில்லை. அரசு தராத பணத்துக்கு அரசுக்கே வரி. கையில் இல்லாதவர் தவறவிடுவார். அபராதமும் வட்டியும் ஓடத் தொடங்கும். நிலுவை இருப்பதால் வரித் துறை 'வரி பாக்கி இல்லை' என்ற சான்றைத் தராது. அந்தச் சான்று இல்லாமல் தொழில் உரிமம் புதுப்பிக்க முடியாது, அடுத்த டெண்டரில் பங்கேற்க முடியாது, சில இடங்களில் சுங்கத்தில் சரக்கும் எடுக்க முடியாது. ஏழாம் மாதம் அரசு 115ஐத் தருகிறது, வட்டியில்லாமல். அதற்குள் நிறுவனம் மூன்று பேரை வேலையிலிருந்து அனுப்பியிருக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்த அதிகாரியும் சட்டத்தை மீறவில்லை. கருவூலம் தன் பணப்புழக்கத்தைப் பார்த்தது, வரித் துறை தன் இலக்கைப் பார்த்தது, உரிம அலுவலகம் தன் சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை. இதை எந்த நாட்டுத் தரவரிசையும் பிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு நடைமுறையும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது.

இதே நேரத்தில் வெளிநாட்டு முதலீட்டாளருக்குப் பத்தாண்டு வரிவிடுமுறை அறிவிக்கிறீர்கள். சுருக்கமாக ஒன்று சொல்லி விடுகிறோம். ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 விழுக்காடு உலகக் குறைந்தபட்ச வரி 2024 முதல் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் வரியை அவர்களின் தாய்நாடு வாங்கிக்கொள்ளலாம். விடுமுறையின் பலன் முதலீட்டாளருக்குக்கூடப் போய்ச் சேராது.

வெளிநாட்டு வங்கித் தொடர்பும் தாமதக் கணக்கில்தான் சேரும். பணமோசடித் தடுப்பில் குறையுள்ள நாடுகளைக் கண்காணிக்க நிதி நடவடிக்கைப் பணிக்குழு (எஃப்ஏடிஎஃப்) வைத்திருக்கும் சாம்பல் பட்டியலில் மொரீஷியஸும் ஜமைக்காவும் 2020 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டன. மொரீஷியஸ் 2021 அக்டோபரில் வெளியேறியது, ஜமைக்கா 2024 ஜூனில். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மாதமும், வெளிநாட்டு விற்பனையாளருக்குச் சிறு தொகை அனுப்பும் வணிகர்கூட பில், ஒப்பந்தம், கப்பல் ஆவணம் என்று கட்டாகக் காட்ட வேண்டியிருக்கும். கம்பெனிகளின் உண்மை உரிமையாளர் பதிவேட்டைத் துல்லியமாக வைத்திருப்பது கம்பெனிப் பதிவாளரின் வேலை. பதிவை ஒரு நாளாகக் குறைக்கும் அவசரத்தில் அந்தச் சரிபார்ப்பைக் கைவிட்டால் வேறு வாசலில் பல மடங்காகக் கட்டுவோம்.

எல்லாவற்றையும் இணையவழிக்கு மாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காகித வழியை முழுக்க மூடாதீர்கள். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் டோங்காவை உலகோடு இணைத்த கடலடிக் கேபிள் அறுந்தது, ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்துத்தான் பன்னாட்டு இணைப்பு மீண்டது. 2017இல் மரியா புயல் டொமினிக்காவுக்குச் செய்த சேதம் அந்நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில் 226 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. இப்படியொரு வாரத்தில் கட்டுமானப் பொருளை எந்தப் படிவத்தில் விடுவிப்பது, யார் கையெழுத்திடுவது என்பது புயல் வருமுன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நிலம், கம்பெனி, பிணைப் பதிவேடுகளின் நகல் ஒன்று தீவுக்கு வெளியே இருக்க வேண்டும். கூரை போன பதிவாளர் அலுவலகத்தில் நனைந்த கோப்பைக் காயவைத்து யாரும் கடன் தர மாட்டார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் செய்யக்கூடியவற்றை மட்டும் கேட்கிறோம்.

அரசு தன் பில்லை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று நிதிச் சட்டத்தில் எழுதுங்கள். 31ஆம் நாளிலிருந்து, வரித் துறை பிந்திய வரிக்கு எங்களிடம் வாங்கும் அதே வட்டி எங்களுக்கும் வர வேண்டும், தாமதித்த துறையின் ஒதுக்கீட்டிலிருந்து. அரசுக்குச் செய்த வேலைக்கான வாட், பணம் கைக்கு வந்த மாதத்தில் கட்டினால் போதும் என்று திருத்துங்கள். அரசு பாக்கியை வரிப் பாக்கியோடு நேர்செய்ய வழி கொடுங்கள், அப்படி நேர்செய்யக் காத்திருப்பவருக்கு வரிச் சான்றை மறுக்காதீர்கள். ஒப்பந்தப் படிவத்திலுள்ள அந்த ஒரு வரியை நீக்குங்கள்.

உரிமப் புதுப்பிப்பு விண்ணப்பம் காலாவதிக்கு முன் கொடுக்கப்பட்டிருந்தால், அலுவலகம் எழுத்தில் மறுக்கும்வரை பழைய உரிமம் செல்லும் என்று சட்டமாக்குங்கள். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் வரட்டும். டிசம்பர் 31ஐ விட்டுவிடுங்கள். தனியாள் பதவி ஒவ்வொன்றுக்கும் பதில் அதிகாரியை அரசிதழில் பெயரிடுங்கள். எந்தச் சான்றுக்கு எந்தச் சான்று முன்தேவை என்பதை ஒரே தாளில் வரைந்து வெளியிடுங்கள். வட்டமாகச் சுழல்பவை உங்கள் கண்ணுக்கே தெரியும்.

துறைமுகத்தில் சரக்குப் பட்டியலைக் கப்பல் வருவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு திறந்து, அறிவிப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள். பங்குக் கன்டெய்னரைப் பிரிக்கக் கொட்டகைக்கு அனுமதி கொடுங்கள். சுங்கம், தனிமைப்படுத்தல், சுகாதாரம் மூன்றும் ஒரே திறப்பில் சோதிக்கட்டும். சோதனையில் குறை எதுவும் காணாவிட்டால், சோதனைக்காகக் கழிந்த நாட்களின் கிடங்கு வாடகையைத் துறைமுகம் தள்ளுபடி செய்யட்டும். ஒவ்வொரு மாதமும் எத்தனை அறிவிப்பு எந்தத் தடத்தில் விழுந்தது, சிவப்பில் எத்தனையில் குறை கண்டீர்கள் என்பதை வெளியிடுங்கள். தீர்வைக் கணக்கிலிருந்து கப்பல் கட்டணத்தை விலக்குங்கள்.

பிணைப் பதிவேட்டில் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்த்து, கட்டணத்தை நிலையான தொகையாக்கி, கடனாளியின் எழுத்துச் சம்மதம் முன்பே இருந்தால் அமைதியான முறையில் நீதிமன்ற ஆணையின்றிப் பிணைப்பொருளை எடுக்க வழி செய்யுங்கள்.

இந்த மடலுக்கு ஆறு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எவற்றைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரி பொறுப்பு, செய்ய முடியாதவை எவை, ஏன் என்பதைக் குறிப்பிடுங்கள். சீர்திருத்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் சுங்க முகவர், கணக்காளர், வெளித்தீவு வணிகர் ஆகியோருக்கு ஒவ்வொரு இருக்கை ஒதுக்குங்கள். கூட்டத்துக்குக் கோப்புகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தீவுத் துறைமுகங்களிலும் கணக்கு மேசைகளிலும் பணிபுரிவோர்